திசைகாட்டிக்குக் கீழே

காற்று அறவே இல்லாத அந்த மதியத்தில், சமையலறைச் சுவரில் இருந்த காற்றாலை மீட்டரின் முள் பூஜ்யத்தை விட்டு ஒரு நூல் அளவு தள்ளி நின்றது.

ஈனா முதலில் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. பழைய மீட்டர், ஈரம் ஏறினால் முள் ஒட்டிக்கொள்ளும். கெட்டிலை இரும்பு அடுப்பின் மேல் வைத்துவிட்டு வந்து, விரல் நகத்தால் கண்ணாடியை இரண்டு தட்டு தட்டினாள். முள் நடுங்கியது. பூஜ்யத்தைப் போய்த் தொட்டது. பிறகு, யாரோ மெதுவாக நகர்த்தி வைத்தது போலப் பழைய இடத்துக்கே வந்து நின்றது.

ஜன்னலுக்கு வெளியே மூன்று நாளாக மூடுபனி. ஆர்ட்வோர் முனையில் டிசம்பர் என்றால் காற்றுதான். கூரைத் தகட்டைப் பிய்க்கும், கதவைத் திறக்க விடாது, ஆடுகளை வேலியோரம் ஒட்ட வைக்கும். இப்படி மூச்சு விடாமல் மூன்று நாள் கிடப்பதை இந்த இருபது வருடத்தில் அவள் பார்த்ததில்லை. கடல் எங்கே முடிகிறது, புல் எங்கே தொடங்குகிறது என்று தெரியவில்லை. புகைபோக்கியிலிருந்து கிளம்பிய புகை எந்தப் பக்கமும் சாயாமல் நேராக ஏறி வெள்ளையோடு வெள்ளையாகக் கரைந்தது. அழுகிய கடற்பாசியின் வாடை கதவிடுக்கு வழியாக வந்து, துவைத்தும் காயாத கம்பளித் துணிகளில் ஏறி உட்கார்ந்திருந்தது.

அந்த வெள்ளைக்குள் ஏதோ அசைந்தது.

மேலிருந்து கீழாக, கறுப்பாக, நீளமாக ஒன்று இறங்கி வந்து மறைந்தது. கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. பிறகு இன்னொன்று. ஈனா ஜன்னலோடு முகத்தை ஒட்டிக்கொண்டு பார்த்தாள். காற்றாலையின் இறக்கை. மூன்று இறக்கைகளும் ஒன்றன்பின் ஒன்றாக, ஆள் நடக்கும் வேகத்தில், பனிக்குள்ளிருந்து வருவதும் போவதுமாக இருந்தன.

அவள் செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போனாள்.

அந்த முனைக்குச் சாலையும் கிடையாது, மின்கம்பியும் கிடையாது. பதினோரு வீடுகள், ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு காற்றாலை. அவற்றில் ஒன்பது ஈனா தன் கையால் செய்தவை. மரத்தைச் செதுக்கி இறக்கை, பழைய காரின் சக்கர அச்சு, இரண்டு இரும்புத் தட்டுகள், தட்டுக்குப் பன்னிரண்டு காந்தம், நடுவில் பிசினில் வார்த்த செப்புச் சுருள்கள். அவ்வளவுதான் இயந்திரம். உயிர் அந்தக் காந்தங்களில்தான் இருந்தது. தீப்பெட்டியை விடக் கொஞ்சம் பெரிதாக, வெள்ளி போலப் பளபளவென்று, பார்க்க அதன் பலம் ஒன்றுமே தெரியாது. இரண்டைக் கிட்டக் கொண்டுபோனால்தான் தெரியும். நடுவில் விரல் இருந்தால் எலும்போடு சேர்த்து மூடிக்கொள்ளும்.

கம்பத்தின் அடியில் நின்று அண்ணாந்து பார்த்தாள். வால் பலகை மலையைப் பார்த்து நீண்டிருந்தது. அப்படியென்றால் இறக்கைகளின் முகம் கடலைப் பார்த்து இருந்தது. காற்று வரும் பக்கம்தான் அது முகத்தைத் திருப்பும். அவள் விரலை நனைத்து உயர்த்திப் பார்த்தாள். எந்தப் பக்கமும் குளிரவில்லை.

வீட்டுச் சுவரில் இருந்த நிறுத்து சுவிட்சைக் கீழே தள்ளினாள். காற்றாலையிலிருந்து இறங்கும் மூன்று வயர்களையும் ஒன்றாகச் சேர்த்துக் கட்டிப்போடும் சுவிட்ச் அது. போட்டால், சூறாவளியே அடித்தாலும் இறக்கைகள் தேனில் விழுந்த ஈ மாதிரி தள்ளாடித் தள்ளாடி நின்றுவிடும். காந்தங்கள் எதிர்க்கிற பலம் அப்படி. ஆனால் இப்போது வேகம் குறையவில்லை. கம்பத்துக்குள் ஒரு முனகல் எழுந்தது, அவ்வளவுதான். அதே ஆள் நடை. அதே வருகை, அதே போக்கு. மேலே ஏறி நின்று யாரோ தோள் கொடுத்துத் தள்ளினால் மட்டும்தான் அப்படிச் சுற்ற முடியும்.

முனகல் கம்பத்தின் வழியாக இறங்கி, கம்பத்தைத் தாங்கும் இழுகம்பிகளில் பரவி, மண்ணுக்குள் போய், அவள் செருப்புக்கு அடியில் வந்து அதிர்ந்தது. கம்பத்தின் மேல் உள்ளங்கையை வைத்தாள்.

ட்டுக். ட்டுக். ட்டுக். ட்டுக்.

காந்தம் சுருளைக் கடக்கும் ஓசை இப்படி இருக்காது. அது ரீங்காரம். இது தனித்தனியாக, ஒன்றுக்குப் பின் ஒன்றாக, இருமல் மாதிரி வந்தது. எங்கேயோ கேட்டிருக்கிறாள். பல வருடம், தினமும் கேட்டிருக்கிறாள். எது என்று பிடிபடுவதற்குள் மனம் அதிலிருந்து நழுவி விலகியது. கையை எடுத்துப் பாவாடையில் துடைத்தாள். உள்ளங்கை முழுக்க உப்பு நீரில் நனைந்திருந்தது.

“என்ன ஈனா, கடவுளோட தனியா பேசி முடிச்சிட்டியா? ஊருக்கே காத்து இல்ல, உனக்கு மட்டும் வருது!”

அவள் துள்ளித் திரும்பினாள். பனிக்குள்ளிருந்து ஃபார்க்கர் வந்துகொண்டிருந்தான். அடுத்த வீட்டுக்காரன், அடுத்த வீடு என்றால் கடலோரமாகக் கால் மணி நேர நடை. கையில் செய்தித்தாளில் சுற்றிய பொட்டலம்.

“அப்படிக் கூப்பிட்டா உயிர் போயிரும் எனக்கு.”

“உனக்கா? காலையில ஆறு மணிக்குக் கம்பத்து உச்சியில தொங்கிக்கிட்டு நட்டு முடுக்குற ஆளு நீ.” அவன் பொட்டலத்தை நீட்டினான். “புகை போட்ட ஹெர்ரிங் மீன். எங்கம்மா குடுத்தா. மூணு நாளா வீட்டுல கரண்ட் இல்ல, டிவி இல்ல. வேற வழியில்லாம என் மூஞ்சியவே பாத்துக்கிட்டு இருக்கா. ரெண்டு பேருக்கும் தண்டனை.”

ஈனா சிரிக்க முயன்றாள். அவன் அண்ணாந்து இறக்கைகளைப் பார்த்தான். அவன் முகத்தில் இருந்த சிரிப்பு அப்படியே இருந்தது. கண்கள் மட்டும் மாறின.

“நீ செஞ்சு குடுத்தது எங்க வீட்டுல செத்த காக்கா மாதிரி தொங்குது. இது எப்படிச் சுத்துது?”

“தெரியல.”

“உனக்கே தெரியலையா?”

“தெரியலன்னு சொல்றேன்ல.”

உள்ளே போனார்கள். தேநீர் ஊற்றினாள். ஃபார்க்கர் வழக்கமாக உட்காரும் நாற்காலியில் உட்கார்ந்தான். எதிரில் இருந்த நாற்காலியைப் பார்த்தான். பார்க்காதது போலத் தலையைத் திருப்பிக்கொண்டான். அது அவள் கணவன் டோர்மட்டின் நாற்காலி. அக்டோபரிலிருந்து அதில் யாரும் உட்காரவில்லை.

சுவர் அதிர்ந்துகொண்டிருந்தது. கோப்பையில் தேநீரின் மேல் சின்னச் சின்ன வட்டங்கள் விழுந்து விரிந்தன. ட்டுக். வட்டம். ட்டுக். வட்டம். இருவரும் அதைப் பார்த்தார்கள்.

“ஈனா,” என்றான் ஃபார்க்கர். குரலில் கிண்டல் போயிருந்தது. “ஒண்ணு கேக்கணும். கோச்சுக்காத.”

“கேளு.”

“விசாரணையில நீ ஆபீசருங்ககிட்ட சொன்னதா ஊருல ஒரு பேச்சு. அன்னைக்கு ரேடியோவுல டோர்மட் உன்கிட்ட காந்தப் பெட்டி எங்கன்னு கேட்டான், நீ படகுல பின்னாடி இருக்குன்னு சொன்ன அப்படின்னு. ரேடியோவுல நான் அதைக் கேக்கல, வெளிய இருந்தேன்.”

அவள் கோப்பையை மேஜையில் வைத்தாள்.

“ஆமா.”

“அன்னைக்குத் துறையில கயிறை அவுத்துவிட்டது நான்தான், ஈனா.”

அடுப்பில் விறகு ஒன்று உடைந்து சரிந்தது. அவன் தொடர்ந்து, மெதுவாக, ஒவ்வொரு சொல்லாக வைத்தான்.

“பெட்டி முன்னாடி இருந்துச்சு. திசைகாட்டிப் பலகைக்கு நேர் கீழ. நான் பாத்தேன். கேக்கலாம்னு வாய் வரைக்கும் வந்துச்சு. உன் தொழில் உனக்குத் தெரியாதான்னு விட்டுட்டேன். ரெண்டு மாசமா அதை நினைச்சுக்கிட்டுப் படுக்குறேன். ஏன் கேக்கலன்னு.”

ஈனா ரேடியோ இருந்த மூலையைப் பார்த்தாள்.

அக்டோபர் இருபத்து மூன்று. எயின்ஷா தீவில் ஓர் ஆட்டுப்பண்ணைக்கு இரண்டு காந்தத் தட்டுகளைக் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். மரப்பெட்டியில் போட்டுக் கம்பளி சுற்றி அவள்தான் படகில் ஏற்றினாள். பின்பக்கம் அலை தெறிக்கும். அந்தக் காந்தத்துக்கு உப்புத் தண்ணீர் எமன், ஒரு கீறல் வழியாக உள்ளே போனால் ஒரே மாதத்தில் பொருபொருவென்று உதிர்ந்துபோகும். முன்பக்கம், சுக்கான் சக்கரத்துக்கு எதிரே, பலகைக்கு அடியில் நல்ல காய்ந்த இடம் இருந்தது. அங்கே தள்ளிவிட்டாள். மேலே, பலகையில், பித்தளைக் கிண்ணத்துக்குள் திசைகாட்டி இருந்தது. தினமும் பார்க்கும் பொருள். அதனாலேயே கண்ணில் படவில்லை. வானம் தெளிவாக இருந்தது. படகின் வழிகாட்டிக் கருவி ஆகஸ்டிலேயே செத்திருந்தது. செல்போனை டோர்மட் வழக்கம்போலச் சமையலறை மேஜையில் மறந்திருந்தான்.

ஒரு மணி நேரத்தில் மூடுபனி இறங்கியது. அதற்குப் பிறகு ரேடியோவில் அவன் குரல். பயமில்லை; எரிச்சல்தான்.

“ஈனா, இந்த முள்ளு என்னமோ சோம்பேறித்தனம் பண்ணுது. சக்கரத்தைத் திருப்பினாலும் நகர மாட்டேங்குது. நீ பெட்டிய எங்க வச்ச? பின்னாடிதானே?”

அந்தக் கணத்தில் அவளுக்கு எல்லாம் தெரிந்துவிட்டது: முள் வடக்கைக் காட்டவில்லை, கீழே இருந்த காந்தத்தைக் காட்டுகிறது. பனிக்கட்டியை முதுகில் போட்டது போல. ஆனால் தெரிந்தது அதுமட்டுமல்ல. ரேடியோ என்றால் பதினோரு வீடும் கேட்கும். ஆறு வருடம் முன்னால், பட்டறைக்கு வேலை கற்க வந்தவர்கள் எதிரில், டோர்மட் காந்தத்தில் விரல் நுனியைக் கொடுத்தபோது, “உன் கையில எல்லாம் மேக்னெட்டக் குடுக்கவே கூடாது” என்று அவள் கத்தியதும் அன்றிலிருந்து ஊரே அதைச் சொல்லிச் சொல்லி அவனைக் கேலி செய்ததும் நினைவுக்கு வந்தது. கற்க வருபவர்களுக்கு அவள் எழுதிக்கொடுக்கும் குறிப்புகளில் முதல் வரியே காந்தத்தைத் திசைகாட்டி பக்கத்தில் வைக்காதே என்பதுதான்.

வாய் தானாகத் திறந்தது.

“பின்னாடிதான்.”

ஒரு நொடி. அடுத்த நொடியில் திருத்திச் சொல்லிவிடலாம் என்றுதான் இருந்தாள்.

“அப்ப சரி. குளிர்ல முள்ளு இறுகியிருக்கும். அதை நம்பியே போறேன்,” என்றான் அவன். கிளிக் என்று போனது. அவள் பொத்தானை அழுத்திக் கூப்பிட்டாள். கூப்பிட்டுக்கொண்டே இருந்தாள். மாலை வரை. ஒரு துடுப்பு மட்டும் நான்கு நாள் கழித்துக் கரை ஒதுங்கியது.

“ஈனா?” என்றான் ஃபார்க்கர்.

“பின்னாடிதான் வச்சேன்,” என்றாள் அவள்.

சுவரின் அதிர்வு ஒரு கணம் நின்றது. இருவருக்கும் கேட்டது, அது நின்றது. பிறகு முன்னைவிடச் சத்தமாக மறுபடி தொடங்கியது.

ஃபார்க்கர் எழுந்தான். தொப்பியைக் கையில் வைத்துத் திருப்பிக்கொண்டே நின்றான். “நான் யார்கிட்டயும் போய்ச் சொல்ல மாட்டேன். ஆனா நீ சொல்லிரு. என்கிட்ட வேணாம். பாதிரியார்கிட்ட வேணாம். எங்கயாவது போய் வாய்விட்டுச் சொல்லிரு. இல்லேன்னா இது உன்னைத் தின்னுரும்.” கதவருகில் நின்று திரும்பினான். “எங்க வீட்டுக்கு வந்துரு இன்னைக்கு. அம்மா சந்தோஷப்படுவா. பாக்கப் புது மூஞ்சி கிடைக்கும்.”

“பட்டறையில வேலை இருக்கு. நாளைக்கு வரேன்.”

அவன் போன திசையில் காலடிச் சத்தம் பத்து எட்டுக்கூடக் கேட்கவில்லை. பனி விழுங்கிவிட்டது.

மூன்றரைக்கு இருட்டிவிட்டது. பேட்டரியில் மிச்சமிருந்ததை வைத்துச் சமையலறையில் ஒரே ஒரு விளக்கு. ஈனா மேஜையில் உட்கார்ந்து கைகளைக் காதுகளில் வைத்துக்கொண்டாள். பயனில்லை. ஓசை காது வழியாக வரவில்லை. நாற்காலி வழியாக, இடுப்பெலும்பு வழியாக, பல் வழியாக வந்தது. அலமாரியில் தட்டுகள் ஒன்றோடொன்று உரசிக் கிணுகிணுத்தன. கடற்பாசி வாடையோடு இப்போது இன்னொரு வாடையும் சேர்ந்திருந்தது. எரிந்த டீசல். அடைந்துகிடக்கும் அறையில், யாரோ எண்ணெய்த் துணியை முகத்தருகே கொண்டுவந்தது போல.

கம்பத்தைச் சாய்த்துவிடலாம் என்று நினைத்தாள். அதற்கு நான்கு பேர் வேண்டும். வயரை அறுத்துவிடலாம், அறுத்தால் கட்டே இல்லாமல் சுற்றும். ஒவ்வொரு நட்டும் அவள் முடுக்கியது. ஒவ்வொரு சுருளும் அவள் விரல் எண்ணிச் சுற்றியது. அதை நிறுத்தும் வழி எதுவும் அவளிடம் இல்லை.

அந்த ஓசைக்கு ஒரு ஒழுங்கு இருந்தது. கொஞ்ச நேரம் வலுக்கும். கொஞ்ச நேரம் தேயும். பிறகு மறுபடி வலுக்கும். கடிகாரத்தைப் பார்த்தாள். பத்து நிமிடத்துக்கு ஒரு முறை. ஏதோ ஒன்று கிட்ட வந்து, விலகிப் போய், கிட்ட வந்து, விலகிப் போய்.

சுற்றிக்கொண்டிருக்கிறது.

அந்தச் சொல் வந்ததும் அவள் எழுந்து நின்றுவிட்டாள். நேராகப் போகிறோம் என்று நம்பிக்கொண்டே ஒருவன் படகில் சுற்றிக்கொண்டிருந்தால் இப்படித்தான் கேட்கும். முள் நகராது. கண் முள்ளிலேயே இருக்கும். கரை வரவில்லையே என்று யோசிப்பான். இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று போவான். இரண்டு மாதம். அவள் சொன்ன ஒரு வார்த்தையை நம்பி.

கதவைத் திறந்தாள். விளக்கின் மஞ்சள் இரண்டு கஜம் போய்ப் பனியில் முட்டி நின்றது. குளிர் தொண்டைக்குள் இறங்கியது. தலைக்கு மேலே, பார்க்க முடியாத உயரத்தில், இறக்கை வந்தது, போனது, வந்தது. செருப்பில்லாத கால்களோடு ஈரப் புல்லில் நடந்து கம்பத்தைக் கட்டிக்கொண்டாள். இரும்பு கன்னத்தில் அதிர்ந்தது.

“முன்னாடி,” என்றாள். சத்தம் வரவில்லை. எச்சில் விழுங்கினாள்.

“முன்னாடிதான் வச்சேன், டோர்மட். திசைகாட்டிக்குக் கீழ வச்சேன். பொய் சொல்லிட்டேன். எல்லாரும் கேக்குறாங்களேன்னு சொல்லிட்டேன். முள்ளு பெட்டியத்தான் காட்டுது. அதை நம்பாத. பெட்டியத் தூக்கிப் போட்டுரு. கேக்குதா? அதை நம்பாத!”

கத்திக்கொண்டிருந்தாள். அழுதுகொண்டிருந்தாள். நெற்றியைக் கம்பத்தில் முட்டி முட்டிச் சொன்னதையே சொன்னாள்.

அதிர்வு நின்றது.

மேலே இறக்கை பாதி வழியில் நின்று, முன்னும் பின்னும் ஒருமுறை ஆடி, அசையாமல் ஆனது. இழுகம்பிகள் அமைதியாயின. கால்களுக்கு அடியில் மண் வெறும் மண்ணாக இருந்தது. எங்கோ மேட்டில் ஒரு ஆடு தும்மியது. அந்தச் சாதாரணச் சத்தம் கேட்டதும் ஈனா கம்பத்தை விட்டுக் கைகளை எடுத்தாள். கம்பத்தில் சாய்ந்து, புல்லிலேயே உட்கார்ந்தாள். எவ்வளவு நேரம் என்று தெரியாது. இரண்டு மாதத்தில் முதல்முறையாக நெஞ்சு நிறைய மூச்சு வந்தது.

உள்ளே போனாள். மீட்டரைப் பார்த்தாள். பூஜ்யம். கால்களைத் துடைத்துக்கொண்டாள். அடுப்பில் விறகு போட்டாள். ஃபார்க்கர் கொண்டுவந்த மீனைப் பிரித்தாள், பசித்தது. பசிக்கிறதே என்று ஆச்சரியமாகக்கூட இருந்தது. நாளைக்கு அவன் வீட்டுக்குப் போக வேண்டும். அவனிடம் சொல்ல வேண்டும். ஆபீசர்களிடம் சொல்ல வேண்டும். என்ன ஆனாலும் ஆகட்டும். மீனின் ஒரு துண்டைப் பிய்த்து வாயில் வைத்தாள்.

ட்டுக்.

மெல்லுவதை நிறுத்தினாள்.

சுவரிலிருந்து வரவில்லை. கோப்பையில் வட்டம் விழவில்லை. வெளியே. தூரத்தில். தண்ணீரின் மேல்.

ட்டுக், ட்டுக், ட்டுக், ட்டுக்.

இப்போது மனம் நழுவவில்லை. ஒற்றை சிலிண்டர் டீசல் எஞ்சின். பதினெட்டு வருடம் தினமும் மாலை அந்தச் சத்தம் கேட்டதும் உருளைக்கிழங்கை அடுப்பில் ஏற்றியிருக்கிறாள். அவர்கள் படகு.

அது தேயவில்லை. விலகவில்லை. வலுத்துக்கொண்டே வந்தது. ஒரே கோட்டில். இப்போது வழி தெரிந்துவிட்டது அதற்கு.

கரையில் கூழாங்கற்கள் நொறுங்கும் சத்தம். படகின் அடிக்கட்டை கல்லில் ஏறும் நீண்ட இழுப்பு. எஞ்சின் இரண்டு முறை இருமி அடங்கியது.

அவள் கதவைப் பார்த்தாள். சாத்தியிருந்தது. தாழ் போடவில்லை. அந்த முனையில் யாரும் தாழ் போடுவதில்லை.

எழுந்து போனாள். தாழ் போடுவதற்காகத் தாழ்ப்பாளைப் பிடித்து இழுத்தாள். வரவில்லை. இரும்புத் தாழ், தன் பள்ளத்தில், வெளிப்பக்கத்தை நோக்கிக் கதவோடு அழுந்தி ஒட்டிக்கொண்டு நின்றது. இரண்டு கைகளாலும் இழுத்தாள். அசையவில்லை. வெளியிலிருந்து யாரோ அதை இழுத்துப் பிடித்திருப்பது போல இருந்தது. யாரும் இன்னும் வந்து சேரவில்லை.

காலடி.

புல்லில் ஒரு எட்டு. ஒரு எட்டு. மனிதக் காலடியின் கனம் அல்ல. ஒவ்வொரு எட்டுக்கும் நூறு சின்ன உலோகங்கள் ஒன்றோடொன்று உரசின. சங்கிலி நிறைந்த வாளியைத் தூக்கி வைப்பது போல. நீர் சொட்டியது.

மேஜையிலிருந்த கத்தி நகர்ந்தது. முள்கரண்டி நகர்ந்தது. மேஜை விளிம்பு வரை வழுக்கி, விழாமல், காற்றில் குறுக்கே பறந்து கதவில் போய் அறைந்து ஒட்டின. கதவுக் கீலின் திருகாணிகள் மரத்துக்குள் கிறீச்சிட்டன. ஒன்று. இன்னொன்று.

“டோர்மட்,” என்றாள்.

காலடி நின்றது.

கதவு வெளிப்பக்கமாகச் சாய்ந்தது. திருகாணிகள் பிடுங்கிக்கொண்டு வெளியே போயின. கதவு அப்படியே, மெதுவாக, புல்லில் போய் விழுந்தது.

விளக்கு வெளிச்சத்தின் விளிம்பில் அது நின்றது.

அவன் உயரம். அவன் தோள் சரிவு. மார்போடு எதையோ இரு கைகளாலும் அணைத்துப் பிடித்திருந்தான். பெட்டியின் மரம் உளுத்துப் போய், உள்ளே இருந்த காந்தத் தட்டுகள் மட்டும் நெஞ்சோடு ஒட்டியிருந்தன. அதைச் சுற்றி, அதன்மேல், அவன் உடம்பு முழுக்க, கடலடியில் எத்தனையோ வருடமாகக் கிடந்த இரும்பெல்லாம் வந்து அப்பியிருந்தது. தூண்டில் முட்கள். படகு ஆணிகள். சங்கிலித் துண்டுகள், வலை ஊசிகள், துருப்பிடித்த கத்திகள், இன்னும் அவளுக்குப் பெயர் தெரியாத கூரான எதெதுவோ. மயிர் சிலிர்த்தது போல எல்லாம் வெளியே நீட்டிக்கொண்டிருந்தன. முகம் இருக்க வேண்டிய இடத்திலும் அவைதான். அவற்றுக்கு இடையில் ஒரு பிளவு திறந்து, அதிலிருந்து தண்ணீர் மட்டும் வந்துகொண்டிருந்தது.

அது உள்ளே வரவில்லை. அசையவில்லை. எல்லாத் திசையிலும் நீட்டிக்கொண்டிருந்த அந்த முனைகள்தான் அசையத் தொடங்கின. முதலில் ஒரு தூண்டில் முள், மெதுவாக, தள்ளாடி, தேடி, திரும்பி நின்றது. பிறகு ஒரு ஆணி. பிறகு பத்து. பிறகு நூறு. மெல்லிய உரசலோடு ஒவ்வொன்றாகத் திரும்பின.

ஈனா ஒரு எட்டு இடப்பக்கம் நகர்ந்தாள்.

அத்தனை முனைகளும் நடுங்கி, அவளோடு நகர்ந்து, அவளைக் காட்டி நின்றன.